பிடி கொடாத பேச்சு

1968, ஆவணி, வெள்ளி

தெல்லிப்பழையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் இன்று என்னைப் பார்க்க வந்துபோனார். கலியாணம் முற்றாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. இவரோ பயத்தம் பணியாரம் ஒன்றை எடுத்து, பாதியைக் கடித்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்தார். போகும்போது, "பாப்பம், அறிவிக்கிறம்" என்றார்.

ஒரு பணியாரத்தை மூன்று பேர் இப்படி ஆராய்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

"விருப்பமில்லாட்டில் அந்த மனிசி தட்டிலை கை வைச்சிருக்காது" என்றார் அப்பா.

"விருப்பமெண்டால் ஏன் பாதியை வைச்சிட்டுப் போறா?" என்றார் அம்மா.

"மனிசி பிடி குடுக்காமல் கதைச்சுப்போட்டுப் போட்டுது" என்று அண்ணை முடித்துவைத்தார்.

அண்ணையின் அந்தச் சொல்லையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெங்காய வியாபாரியையும் அப்படித்தான் சொல்லுவோம், அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கரையும் அப்படித்தான். பதிலை மனதில் வைத்துக்கொண்டு மறைப்பவர் என்று பொருள். மனதில் பதிலே இல்லாதவரை என்னவென்று சொல்வது? அதற்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.

பிறகுதான் அப்பாவுக்கு என் நினைவு வந்தது. "பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?"

"உங்கடை விருப்பம், அப்பா."

"உவளும் பிடி குடுக்கிறாளில்லை" என்று அண்ணை சிரித்தார்.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கே தெரியவில்லை.

தட்டுக் கழுவப் போனபோது அந்தப் பாதிப் பணியாரம் அப்படியே கிடந்தது. கொட்ட மனம் வரவில்லை. நானே தின்றுவிட்டேன். அண்ணை கண்டிருந்தால் இதற்கு என்ன அர்த்தம் சொல்லியிருப்பாரோ!