பாலம் தெரியும் பக்கம்

அப்பாவுக்கு,

உங்கள் பயணத் திட்டத்தை அம்மா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். "ஆத்துப் பாலம் எந்தப் பக்க ஜன்னல்ல தெரியும்னு அப்பா கேக்கச் சொன்னார்டி" என்றாள். என் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது.

திட்டம் பிரமாதம். உங்களிடம் இருக்கும் ரயில் பாஸுக்கு இந்த நாட்டில் எந்த ஊரிலும் இறங்கலாம், தங்கலாம், மறுபடி ஏறலாம். வேறு டிக்கெட்டே வேண்டாம். மலை ரயிலுக்காக ஓர் ஊரில் இரண்டு நாள் தங்குகிறீர்கள். பழைய இன்ஜின்களைப் பார்க்க ஒரு முழு நாள். எங்கள் ஊருக்கு நேராக மட்டும், "இங்கே இன்ஜின் மாற்றுவார்கள், இறங்கிப் படம் எடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

"அவருக்கு ரயில்னா உசிரு, தப்பா எடுத்துக்காதே" என்கிறாள் அம்மா. எனக்கா தெரியாது? தண்டவாளத்தை ஒட்டி இந்த வீட்டைப் பிடித்தபோது, "இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சத்தம் இல்லாவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வராது. யார் பெண் நான்!

போகட்டும். கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்டேஷனை விட்டதும் வண்டி வளைந்து திரும்பும். அப்போது இடது பக்க ஜன்னலில் பாலம் முழுசாகத் தெரியும்.

வலது பக்கம் பச்சைத் திரை போட்ட மாடி ஜன்னல் ஒன்று வரும். அதில் நான் நிற்பேன்.

நீங்கள் இடது பக்கமே உட்காருங்கள்.

இன்ஜின் மாற்றும் ஊரிலிருந்து,
மகள்