வெளியூர் போனவருக்கு

கும்மிடிப்பூண்டி
ஜனவரி 2007

என் அவசரக்காரருக்கு,

புதுவாயலில் லாரி மோதிய உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே, உங்கள் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். புருஷனை இழந்து நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் உட்காரப்போகும் எல்லாப் பெண்களிடமும் கேட்பதைத்தான் கேட்டார்.

"வயித்துல ஏதாச்சும் தங்கிக்கீதாம்மா?"

"இல்ல மாமி" என்றேன்.

வயிற்றில் இல்லை என்பது உண்மைதான். சென்னை ஆஸ்பத்திரியில் நம் கருக்கள் இரண்டை உறையவைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? சிகிச்சைக்குப் போன நாளெல்லாம் கடைக்குச் சரக்கெடுக்கப் போவதாகத்தானே சொல்லிவைத்தோம்.

நேற்று என் தலையைத் தடவிக்கொண்டே, "நீ சின்னப் பொண்ணு. இத்தா முடியட்டும், நானே நல்ல எடமா பாத்துக் கட்டிக்குடுக்கிறேன்" என்றார். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

சொன்னால் அவருக்கு ஆசை வந்துவிடும். இறந்தவரின் கருவைச் சுமக்கக் கூடாதென்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டால் மகனை மறுபடியும் பறிகொடுப்பார். இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். வெறும் சாக்கு. நீங்கள் இல்லாமல் உங்கள் பிள்ளையைப் பெறும் தைரியம் எனக்கில்லை. நீங்கள் இருந்தபோதும், "ஊசி போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு, பெருநாள் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டவள் நான்தானே.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கருக்களை இனியும் வைத்திருக்க வேண்டுமென்றால் இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், இல்லையென்றால் அழித்துவிடுவார்களாம்.

"அவரு வேல விஷயமா வெளியூர் போயிக்கிறாரு மேடம். வந்ததும் கூட்டிக்கினு வரேன்."

உங்கள் அம்மாவிடம் அவை இல்லை என்று சொன்ன அதே வாயால், ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நீங்கள் இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள்
பொய்க்காரி