சீனி, உன்னைக் கேட்டுத்தான் அந்தப் போன் வந்தது

என் கண்ணான சீனிக்கு,

நேற்று குளத்தூருக்குப் போய் உன் மகள் மகேஸைப் பார்த்துவிட்டு வந்தேன். அவளிடம் சொன்னதை முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீ இருந்தவரை எனக்கு வாய் வரவில்லை. போன ஆவணியில் நாகலாபுரத்தில் மிளகாய்க் காட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவள், நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கு முந்தின வருஷம் சித்திரையில் நான்தானே உன்னை அந்தப் பத்து நாள் தியானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்? பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் புத்தரைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். தனியாகப் போகத்தான் பயம். "பத்து நாளும் பேசவே கூடாதாம்ட்டி" என்றேன். "எங்க வீட்டுல நான் பேசுனா மட்டும் யாரு கேக்கா? வாரேன்க்கா" என்று சிரித்தாய்.

என் துணைக்கு வந்தவள் நீ. அதை நான் ஒரு நிமிஷமும் மறக்கவில்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நாலாம் நாளிலிருந்து ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல் உட்காரச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் என் முழங்கால் தீயாய் எரிந்தது. காலை மாற்றினேன், இடுப்பை நெளித்தேன், கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தேன். மிளகாய் பறித்துக் காய்த்துப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாய். மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாளும். மூச்சைக் கவனிக்கப் போனவள் உன்னைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியை ஐந்தைந்து பேராக முன்னால் அழைத்து விசாரித்தாரே, அன்று என் வாயில் படித்ததெல்லாம் வந்தது. நிலையாமை, பற்று, துக்கம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்கம்மா, இப்ப உங்க உடம்புல என்ன தெரியுது?" என்றார். நான் மறுபடியும் நிலையாமை என்றேன். அடுத்து நீ. "கால் வலிக்கும்மா. நான் அத ஒண்ணும் சொல்லுததில்ல. கொஞ்ச நேரம் இருந்துட்டு அதுவாப் போயிருது. பெறகு வருது."

ஆசிரியையின் முகம் அப்போது மலர்ந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பார்க்கும் முகம் எது என்று எனக்குத் தெரியாதா?

கடைசி நாளில் எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று மனதார நினைக்கச் சொன்னார்கள். பிள்ளைகளை நினைத்தேன், என்னோடு பேசாத அடுத்த வீட்டுக்காரியைக்கூட நினைத்தேன். உன்னிடம் வந்ததும் மனசு நகரவில்லை.

அப்பா என்னைப் படிக்க வைத்தார். உன்னை எட்டாம் வகுப்போடு காட்டு வேலைக்கு அனுப்பினார். வேலை, பென்ஷன், கோவில்பட்டியில் மாடி வீடு எல்லாம் எனக்கு. நீ ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. உனக்கென்று ஒன்று கிடைத்தபோது நான் ஏன் அப்படிப் புழுங்கினேன்?

கிளம்பும்போது, முகாமில் சமையல் சேவைக்கு ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று நீ பெயர் கொடுத்தாய். உன் வீட்டில் இருந்தது உன் வீட்டுக்காரர் போன் மட்டும்தான், அதனால் என் நம்பரைச் சொன்னாய். மறு வருஷம் மாசியில் தியான மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். "உங்க தங்கச்சி சித்திரை முகாமுக்குச் சேவைக்கு வருவாங்களா? ஆசிரியை அவங்களத்தான் கேக்குறாங்க." என்னைக் கேட்கவில்லை, சீனி. "அவளுக்குக் காட்டு வேலை, வர முடியாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பங்குனியில் வீட்டுக்கு வந்தபோது நீயே கேட்டாய். "ஏக்கா, அவிய கூப்பிடவே இல்லையா?"

"இல்லட்டி. நம்மளயெல்லாம் ஞாபகம் வச்சிருப்பாவளா?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கொண்டுவந்த உளுந்தை என் டப்பாவில் கொட்டினாய். அவ்வளவுதான். சித்திரை வந்தது, போனது. ஆவணியில் நீயும் போனாய்.

இந்த வைகாசியில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். நீ இல்லாத கூடத்தில் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? ஆனாலும் அதே புழுக்கம் வந்தது. ஆறாம் நாள் மதியம் ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர், "இது அவங்க வீட்டுல யாருக்காவது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் குளத்தூர். மகேஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"நெசமாவே போன் வந்துச்சா பெரியம்மா?"

"வந்துச்சு."

"அம்மா அந்தச் சித்திரைக்குப் பையக் கட்டி வச்சிருந்தா. ரெண்டு சேல, ஒரு போர்வ. கூப்பிட்டவொடன பஸ் ஏறணும்னு. மாசம் முடிஞ்சு அவளே எடுத்து அடுக்குனா." மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, "ஏன் பெரியம்மா அப்படிச் செஞ்சிய?" என்றாள்.

"பொறாமைட்டி. அவளப் பாத்துப் பொறாமை."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கம்மாவப் பாத்தா? நீங்களா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. "எங்கம்மாவப் பாத்து இந்த ஒலகத்துல ஒருத்தரும் பொறாமப்பட்டதில்ல பெரியம்மா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரல் மாறிவிட்டது. "நீங்க கெளம்புங்க. கொஞ்ச நாளைக்கு இங்கன வராதிய."

வந்துவிட்டேன். அவள் சொன்னது சரி. அவளாகக் கூப்பிடும்வரை போக மாட்டேன்.

அடுத்த முகாமுக்குச் சேவைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அரிசி களைய, காய் நறுக்க, பாத்திரம் கழுவ. ஆசிரியையைத் தவிர அங்கே இருக்கிறவர்கள் இன்றுவரை, வேலை இருக்கிறதென்று நீதான் வர மறுத்தாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உன்னைக் கேட்கிற ஒவ்வொருவரிடமும் என் வாயால் சொல்வேன், சீனி: அவள் பையைக் கட்டிக் காத்திருந்தாள், மறித்தவள் நான். இது சத்தியம்.

உன்மேல் பொறாமை இன்னும் தீராத,
உன் கூடப்பிறந்த
ராசக்கா