வாழைப்பழ வாசமும் நீ எறியாத கல்லும்

என் அருமை மாப்பிள்ளை முருகையாவுக்கு,

நீ போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கழுகுமலைப் பங்குனி உத்திரத்தில் அத்தனை கூட்டம் நிற்க, மலைத்தேனீ உன் ஒருவனைத் தேடி வந்து மொய்த்துக் கொன்றது. தேன்கூட்டில் நீ கல்லெறிந்ததாக ஊர் சொன்னது. உன் வீட்டுக்காரி பேச்சியம்மாள் தீப்பெட்டி ஒட்டப் போகிற இடத்திலெல்லாம் இன்றைக்கும் ‘கல்லெறிஞ்சவன் பொஞ்சாதி’தான். உன் அக்காவைக் கட்டிய நான்கூட ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

போன வாரம் உன் மகள் கற்பகம் காலேஜிலிருந்து நேரே என்னிடம் வந்தாள். கெமிஸ்ட்ரி படிக்கிறாள், தெரியுமா உனக்கு? கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“என்ன வாசம், சொல்லுங்க மாமா?”

“வாழைப்பழ எசன்ஸ். எனக்கேவா பரீட்சை?”

எழுத்து தெரியாததால் நம் சர்பத் கடைப் பாட்டில்களை நான் மோந்து பார்த்தே எடுப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். சிரித்தாள்.

“பழமே கெடையாது மாமா. ஒரு ஆல்கஹால், வினிகர்ல இருக்க ஆசிட், ரெண்டு சொட்டு கந்தக அமிலம். சூடாக்குனா இந்த வாசம் வந்துட்டு. ஐசோஅமைல் அசிட்டேட்னு பேரு. இதே சாமான்தான் தேனீக் கொடுக்குலயும் இருக்காம். ஒண்ணு கொட்டுனா இந்த வாசம் பரவும். மத்ததுக்கு அது, ‘இவனக் கொட்டுங்க’ன்னு உத்தரவு மாதிரி.”

நான் அவள் கையைத் தள்ளிவிட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

“மாமா, அன்னைக்கு எங்கப்பா மேல இந்த எசன்ஸ் பட்டுச்சா?”

“இல்லம்மா. அன்னைக்கு ஆரஞ்சு மட்டுந்தான்.”

மாப்பிள்ளை, பொய் சொன்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. திருவிழாவில் போட்ட கடையில், மூடி இறுகியிருந்த வாழைப்பழ எசன்ஸ் பாட்டிலைப் பல்லால் கடித்துத் திறந்தேன். பாதி உன் நெஞ்சில் கொட்டியது.

“என்ன அத்தான், என்னைய வாழத்தாரா ஆக்கிட்டீய!” என்றாய்.

“போலே, வாரவ போறவல்லாம் இனி ஒம் பின்னாலதான்.”

“தல கிறுகிறுங்குது அத்தான். சட்டையக் கழுவிட்டு வாரேன்.”

“கூட்டம் நிக்கி, தெரியலயா? மொதல்ல தண்ணி கொண்டா. சட்ட எங்கயும் ஓடிராது.”

தண்ணீர் எடுக்கக் குடத்தோடு, தேன்கூடு தொங்கும் பாறையடிக்குப் போனாய். உன் கையில் கல் ஏது? இரண்டு கையும் குடத்தில் அல்லவா இருந்தன! உன்னைக் குளிப்பாட்டியபோது நெஞ்சில்தான் கொட்டு அதிகம் என்று பார்த்தவனும் நான்தான். பார்த்தும் ஏன் கேட்கவில்லை? தெரிந்து செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கற்பகத்திடம் சொன்ன பொய்யை எதில் சேர்க்க?

இன்று காலையில் அவளைக் கூப்பிட்டு, “ஒங்கப்பனுக்கு ஒரு கடுதாசி எழுதித் தாம்மா” என்றேன். “எந்த அட்ரஸுக்கு மாமா?” என்று கேலி பேசிக்கொண்டே நோட்டை எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் இந்த வழி.

‘சட்டையக் கழுவிட்டு வாரேன்’ என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனாள். பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டாள் என்றே நினைத்தேன். திரும்பி வந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, “சொல்லுங்க” என்றாள்.

மாமா என்று சொல்லவில்லை.

வருகிற பங்குனி உத்திரத்துக்குப் பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு கழுகுமலைக்குப் போவேன். கூட்டத்தின் நடுவில் நிற்பேன். முருகையா கல்லெறியவில்லை, அவன் சட்டையில் எசன்ஸைக் கொட்டியது நான், கழுவ விடாமல் அனுப்பியதும் நான் என்று சொல்வேன். யார் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்
சங்கரபாண்டி
(இடது பெருவிரல் ரேகை)

எழுதியது: உங்கள் மகள் கற்பகம்