அப்பா ஏறாத மோட்டார்

ரோகினிக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று முனீஸ்வரரை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் தோட்டத்தின் இந்த லயத்து வரிசை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்டுவிடும், கண் போன பிறகு அவருக்குக் காது இரண்டு மடங்காகிவிட்டது. அதுவும் போக உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகைதான் வரும், விஷயம் வராது. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு ஷாமினியிடம் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன்.

வாரத்தில் மூன்று நாள் அப்பாவை ரெம்பாவுக்கு ரத்தம் சுத்தம் பண்ணக் காரில் கூட்டிப்போன திருச்செல்வம் அண்ணன், ராசா டவுனில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். பாவம், மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போனார். போனில் கார் கூப்பிட்டால் தோட்டத்துச் செம்மண் ரோட்டைப் பார்த்ததும் வரமாட்டேன் என்கிறான். ஐம்பத்தைந்து வயதில், சைக்கிள்கூட ஓட்டாத நான் மோட்டார் சைக்கிள் வாங்கக் கிளம்பினேன். பெடாஸ் மோட்டார் கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே நல்ல மனுஷன், என் காலைப் பார்த்தான், வயதைக் கேட்டான், "ஆன்ட்டி, ஸ்கூட்டர் எடு லா, கியர் இல்லை, திருகினால் போகும்" என்றான். உட்கார்ந்தும் பார்த்தேன், இரண்டு பாதமும் தரையில் ஊன்றியது. நான்தான் மடச்சி, வேண்டாம் என்று கியர் வைத்த கப்சாய் மோட்டாரைக் காட்டினேன். ஸ்கூட்டர் பொம்பளை வண்டி என்று உன் அப்பா எத்தனை வருடம் கிண்டல் பண்ணியிருக்கிறார், உனக்குத் தெரியாததா. கியர் விழுகிற சத்தம் அவருடைய பழைய மோட்டார் மாதிரியே கேட்டால் கூச்சப்படாமல் ஏறுவார் என்று நினைத்தேன். லைசென்ஸ் சோதனையில் தித்தி என்று ஒரு ஒல்லியான பாலம் இருக்கிறது, அதிலிருந்து இரண்டு தடவை இறங்கிவிட்டேன், மூன்றாவது தடவைதான் பாஸ். கோயிலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன், அப்பாவும் வந்து நின்றார்.

போன வெள்ளிக்கிழமை முதல் தடவையாக ஏறினார். முப்பது வருடம் நான் ஒருக்களித்து உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனேன், அவருக்கு என்னைப் பிடிக்க மனம் வரவில்லை, பின்னால் இருக்கும் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டார். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது செம்பனைக் காட்டு வளைவில் கியரை மாற்றி மிதித்துவிட்டேன், மோட்டார் துள்ளி எங்கள் இரண்டு பேரையும் ரோட்டோரக் காண்டாக் கால்வாயில் தள்ளியது. எனக்கு முட்டி, அவருக்கு முழங்கை, தோல்தான் போனது. சேற்றில் உட்கார்ந்தபடியே, "போதும் லா பஞ்சாலை, என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு நீ சாவாத" என்றார்.

அதோடு சரி. திங்கட்கிழமை போகவில்லை, இன்று புதன்கிழமையும் போகவில்லை. கால் வீங்கிப் பளபளவென்று இருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியிலேயே தூங்குகிறார். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் லாரியில் ஏற்றிப்போகிறேன் என்றார், உன் அப்பா சாமான் மாதிரி போகமாட்டாராம். ரெம்பாவில் ரத்தம் சுத்தம் பண்ணும் நர்ஸ் மிஸ்ஸி போன் போட்டு என்னைத் திட்டுகிறாள், நான் என்னம்மா செய்வேன். கப்சாயைத் திருப்பிக் கொடுத்து ஸ்கூட்டரே எடுத்துவிட்டேன், தவுக்கே சிரிக்கவில்லை. பின் சீட்டில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு நாலு நாள் தோட்டத்தைச் சுற்றினேன், ஒரு தடவைகூட விழவில்லை. அதைச் சொன்னால், "அரிசிக்கு வெட்கமில்ல" என்கிறார்.

அப்பா வாசலில் மோட்டாரை நிறுத்தி இரண்டு தடவை ஹார்ன் அடிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா. எங்கே என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். இன்று காலை நான் அடித்தேன், இரண்டு தடவை. கதவு திறந்துதான் இருந்தது. சட்டை போட்டு, தலை சீவி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. இன்ஜினை அணைக்க மனமில்லாமல் வெகுநேரம் நின்றேன், பிறகு உள்ளே போய் அவர் சட்டைப் பொத்தானை நானே கழற்றிவிட்டேன். எனக்கு நம்பிக்கை போய்விட்டது ரோகினி.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், உன் வயிற்றில் ஒரு பிள்ளை தங்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து முனீஸ்வரர் உனக்குக் கொடுக்கட்டும். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு, உனக்கு அது வியாழன் ராத்திரி, மறக்காமல் அப்பாவுக்குப் போன் போடு. எனக்காகக் கெஞ்ச வேண்டாம். வெளியே ஹார்ன் சத்தம் கேட்கும், கேட்டதும் "ஏறுங்கப்பா" என்று மட்டும் சொல். அதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை என்றால் டிக்கெட் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பி வந்துவிடு, லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே.

வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கும் உன் அம்மா,
பஞ்சாலை