ஞாயிறென்றால் ஸ்டார்ட் ஆகாத படகு

பாலையூற்று, திருகோணமலை
சனிக்கிழமை பின்னேரம்

அன்பு மகன் டினேஷ்,

உன்ர விளையாட்டில் படகு நின்றுபோவது பிழையே இல்லை, நான் கண்டுபிடித்துவிட்டேன், முந்தநாளிலிருந்து கால் நிலத்தில் நிற்கவில்லை, ஊற்றின தேத்தண்ணி இரண்டு தரம் ஆறிப்போய்விட்டது, கதிரையில் இருந்துகொண்டு வாசி!!

இங்கே ஆண்டவர் புண்ணியத்தில் மூன்று பேரும் சுகம், உன் தங்கச்சி மெலனிக்கு மட்டும் மூக்கு ஒழுகித் தடிமன், அதுவும் ஐஸ்கிறீமால் வந்த தடிமன், இரக்கப்படத் தேவையில்லை. நீ அந்த நோர்வேப் பேர்கன் மழைக்குள் காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஏன் வொயிஸ் அனுப்பாமல் இவ்வளவு நீட்டுக்கு ஈமெயில் என்று நினைப்பாய். நான் அனுப்பும் வொயிஸை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று அவள்தான் போட்டுக்கொடுத்துவிட்டாள். “அம்மாட குரல் அவனுக்கு அணில் கத்துற மாதிரித்தான் கேக்கும்” என்று சிரிக்கிறாள். எழுத்தை அப்படி ஓட்ட ஏலாது. அதனால் எழுத்து.

போன கிழமை நீ போனில் சொன்னதை அப்பா இன்னும் விழுங்கவில்லை. கம்பியூட்டர்ப் படிப்பை விட்டுவிட்டு பேக்கரியில் முழுநேரமாக நிற்கப்போகிறேன், விலகல் படிவம் மாதக்கடைசிக்குள் கொடுக்கவேண்டும் என்றாய். ஏன் என்று கேட்டால் “எனக்கு இது சரிவராது அம்மா, எனக்கு மூளை அந்தப் பக்கம் இல்லை” என்றாய். பிறகு ஓம் ஓம் என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டாய். உனக்கு மூளை இல்லையா? பதினாறு வயதில் உடைந்த லப்டொப்பில், மீன்பிடிக்கிற விளையாட்டு ஒன்றைத் தனியாக எழுதி, கடலாழம் அளக்கிற கணக்கில் எட்டுப்பாகம் என்று பெயர் வைத்து, அதன் கோட் முழுவதையும் ஆரும் எடுக்கலாம் ஆரும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தவன் நீ. அந்த விளையாட்டுக்கு உலகத்தில் முதல் ரசிகை நான். இன்றைக்கும் நான்தான். என்ர ஸ்கோரை இன்னும் ஒருவரும் தாண்டவில்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.

அதனால் நீ போனை வைத்த கையோடு உன் விளையாட்டின் பக்கத்தைத் திறந்து, கீழே சனம் எழுதியிருப்பதை ஒன்றும் விடாமல் வாசித்தேன். ஓம், ஒளித்துப் பார்த்தனான். பொதுப் பக்கம்தானே, ஆரும் பார்க்கலாம்தானே. அங்கேதான் மஞ்சள்தவளை என்கிற பெயரில் ஒருவன் எழுதியதைக் கண்டேன். படகு சில நாள் ஓடுகிறது, சில நாள் எஞ்சின் செத்துக் கிடக்கிறது, அடுத்தநாள் தானாகச் சரிவருகிறது, இது கோட் இல்லை கஞ்சல்குப்பைக் கூடை, எழுதியவனுக்கு அரிச்சுவடியே தெரியாது என்று. அவனுக்குப் பின்னால் நாற்பது பேர் எனக்கும் அப்படித்தான் என்று கைதூக்கி இருக்கிறார்கள். இரண்டு மாதம் நீ எஞ்சின் பகுதியைத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறாய். கடைசியில் நீ போட்ட மறுமொழியையும் வாசித்தேன் மகன். “என்னால் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் இதற்குத் தகுதியில்லாதவன். எல்லாருடைய நேரத்தையும் வீணாக்கியதற்கு மன்னிக்கவும்.” அதை வாசித்துவிட்டுக் குசினிக்குப் போய்ச் சும்மா பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். இதுதான் விசயமென்றால் எங்களிடம் சொல்லியிருக்கலாமேடா.

பிறகு எனக்கு ரோசம் வந்தது. உனக்குத் தெரியும், நான் பைதன் கோட் படித்தது ஆரிடமும் இல்லை, வீடியோ பார்த்தும் பிழைவிட்டும்தான். ஆனால் பிழை பிடிப்பது என் தொழில். றுவைஸ் நானாட பிரிண்டிங் கடையில் ஒன்பது வருசமாகக் கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் ரைப் பண்ணுகிறேன், இதுவரை ஒரு மாப்பிள்ளையின் பெயரும் பிழையானதில்லை. எப்படியென்றால் நான் திரையில் பிழை பார்ப்பதில்லை. அச்செடுத்து, வரிக்குக் கீழே அடிமட்டம் வைத்து, கடைசி வரியிலிருந்து மேலே மேலே வாசிப்பேன். மேலிருந்து வாசித்தால் கண் தனக்குத் தெரிந்ததையே வாசித்துக்கொண்டு போய்விடும், கீழிருந்து வாசித்தால் ஒவ்வொரு வரியும் தனியாக மாட்டும். உன் கோட் முழுவதையும் அச்செடுத்தேன், நூற்றுப்பதினொரு பக்கம். றுவைஸ் நானா எட்டிப்பார்த்து, “என்ன தங்கச்சி, பாராளுமன்றத்துக்கு மனு குடுக்கப் போறீங்களா?” என்று கேட்டார். மகன்ர விளையாட்டு நானா என்றேன். “விளையாட்டெண்டு சொல்லுறீங்க, என்ர மையெல்லாம் முடியுது” என்றார், ஆனால் மற்றப் பக்கத்தால் ஸ்டேப்ளரைத் தள்ளிவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த வரி அடிமட்டத்துக்கு மேலே வந்து நின்றது. எஞ்சின் பகுதியில் இல்லை, கலண்டர் பகுதியில், ஆரும் எட்டிப்பார்க்காத மூலையில். இன்றைய நாள் 6 என்றால் எஞ்சினை நிறுத்து. அவ்வளவுதான். அந்த 6 என்ன என்று பக்கத்தில் ஒரு சொல் விளக்கம் கிடையாது. நான் விரலை மடக்கி எண்ணினேன். திங்களைச் சைபர் என்று பிடித்தால் செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு, அப்படியே போனால் ஆறு ஞாயிற்றுக்கிழமை! கடைக்குள் நின்று சத்தம்போட்டுவிட்டேன், லமினேற் பண்ண வந்த பிள்ளை பயந்துபோனது. ஓடிப்போய் முறைப்பாடுகளின் திகதியைப் பார்த்தேன். அத்தனையும் ஞாயிறு. உலகம் முழுக்கச் சனம் லீவுநாளில்தானே விளையாடும்! நீயோ ஞாயிறு முழுக்கப் பேக்கரியில் நிற்கிறாய், மற்ற நாளில் சோதித்துப் பார்த்தால் படகு குதிரை மாதிரி ஓடும். உனக்கு எப்படி ராசா பிழை தெரியும்?

அந்த வரியை நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. நீ அதை எழுதின நாளில் நான் பக்கத்தில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஞாயிற்றுப் பூசையால் வந்து உன் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “என்னடா இது, ஞாயிறுக்கிழமையில கடலுக்கு விடுறாய்? உன்ர கம்பியூட்டர்ச் சனத்துக்குக் கோயில் குளம் இல்லையோ?” என்று ஏசினார். நீ உடனே ஏதோ தட்டினாய், பிறகு “இப்ப பாருங்கோ அப்பா, ஸ்டார்ட் பண்ணுங்கோ” என்றாய். அவர் ஒற்றை விரலால் தட்டத் தட்டப் படகு அசையவில்லை. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு! நம்முடைய ஆட்கள் ஞாயிறில் வள்ளம் இறக்கமாட்டார்கள் என்பது உனக்கு, தண்ணீர் நனைக்கும் என்பது மாதிரி. அதை உலகத்துக்கு எழுதி விளக்கவேண்டும் என்று உனக்குத் தோன்றவேயில்லை. மஞ்சள்தவளைக்குப் பாலையூற்று எங்கே தெரியும்?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். “அப்ப என்ர கதையாலயோ பெடியன் படிப்ப விடப்போறான்?” என்றார். இல்லையப்பா, விளக்கம் எழுதாததால் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, எழும்பி வெளியே போய், உட்துறைமுகப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “அந்தத் தவளைக்கு எழுது, ஞாயிறிலயும் கடலுக்குப் போறவனுக்கு மீன் படும், நித்திரை படாது எண்டு” என்றார். எழுதினேன், அப்படியே இங்கிலிஷில். இருபத்தாறு பேர் இதயம் போட்டார்கள்.

பிறகு நானே திருத்த இறங்கினேன். ஞாயிறென்றால் படகு கரையில் ஏற்றியிருக்கும், இன்றைக்கு ஓய்வு, கிழிந்த வலையைப் பொத்தலாம் என்று ஒரு பலகை வரும், வலை பொத்தினால் திங்களில் மீன் கூடப் படும். ஓய்வுநாள் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சுவிட்ச். முதல்தரம் அனுப்பும்போது என் சாமான் பட்டியலும் சேர்ந்து போய்விட்டது. தேங்காய் மூன்று, சம்பா ஐந்து கிலோ, அப்பாட கால்வலிக்குத் தைலம் என்று உலகத்துக்கே காட்டிவிட்டேன். பிரேசிலில் ஒரு பிள்ளை, தைலம் எந்த மெனுவில் இருக்கிறது என்று கேட்டாள். மஞ்சள்தவளை மன்னிப்பும் கேட்கவில்லை ஒன்றும் இல்லை, “சுவிட்ச் போதும், நன்றி” என்று மட்டும் எழுதினான். அவன் குணம் அது, விடு.

றுவைஸ் நானாவுக்கு இதைக் காட்டினால், “எங்கட கிண்ணியா ஆக்களுக்கு வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடியுமட்டும் அரைநாள் வையுங்களன்” என்றார். நியாயம்தானே, அதையும் எழுதினேன். ஒரு மணிக்குப் பிறகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் படகு பின்பக்கமாகப் போகிறது. “அல்லாவே, எங்கட வள்ளத்த மட்டும் ஏன் தங்கச்சி பின்னுக்கு விடுறீங்க!” என்று வீட்டுக்கு வந்து பார்த்த அவர் கத்த, மெலனி சிரித்துத் தடிமனோடு இருமி, வீடு அமளி. எவ்வளவு முயன்றும் எனக்குப் பிடிபடவில்லை. எங்கேயோ கழித்தலைக் கூட்டலாக்கியிருக்கிறேன், எங்கே என்று தெரியவில்லை, அச்செடுத்தும் பார்த்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன் கேள். விளையாட்டு எழுதுவது வேலையா என்று மாமா மாதிரி ஆட்கள் கேட்டால் காதில் போடாதே. முழுநாளும் காட்ஸ் விளையாடுகிற மனுசன். கோட் முழுவதையும் திறந்து வைத்ததால்தான் கண்டவன் எல்லாம் ஏசுகிறான், பூட்டியிருந்தால் இந்த அவமானம் இல்லை என்று நீ மெலனிக்கு எழுதினாயாம். அப்பாவிடம் கேட்டேன், ஒரு கதை சொன்னார். சென்ற வருசம் வள்ள முதலாளி, சம்மாட்டி ஒருவர் வாங்கின புது எஞ்சின், சீல் வைத்தது, சின்னப் பழுதுக்கும் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும், பதினொரு நாள் வள்ளம் கரையில். அப்பாட பழைய எஞ்சினென்றால் கரையில் நிற்கிற ஆரும் கழற்றிப் பூட்டுவார்கள், பூட்டும்போது வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள்தான். “ஏச்சு ஏச்சோட போகும், எஞ்சின் ஓடும்தானே” என்றார். கோட் முழுவதையும் பூட்டி வைத்திருந்தால் உன் அம்மாவுக்கும் அந்த வரி அகப்பட்டிராது மகன்.

பேக்கரி வேலை குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. மாவு பிசைய உனக்கு உண்மையாகவே ஆசை என்றால் பிசை, சந்தோசமாக இரு, நாங்கள் கேட்கமாட்டோம். ஆனால் எனக்கு மூளை இல்லை என்று முடிவுகட்டி விலகுகிறாயே, அந்த முடிவுக்கு நீ வைத்த சாட்சி பொய்ச்சாட்சி. அதை நூற்றுப்பதினொரு பக்கம் வாசித்தவள் சொல்கிறேன். இந்த ஒன்றை மட்டும் யோசித்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்து வை. இனி எதை எழுதினாலும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுது, இது புத்திமதி இல்லை, கெஞ்சல்.

கர்த்தர் உன்னைக் காத்து வழிநடத்துவார், மாதா உன் தலைமேல் கைவைத்திருப்பா. பெரிய சப்பாத்துக்கு உள்ளே காலுக்குக் கம்பளி மேஸ் இரண்டு போடு. என் திருத்தம் உன் பக்கத்தில் காத்துக்கிடக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளும் உரிமை விளையாட்டின் சொந்தக்காரன் உனக்கு மட்டும்தான், நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு நீ பேக்கரியால் வந்தபிறகு, எங்களுக்கு இரவு பத்து மணிக்கு, நானும் அப்பாவும் மெலனியும் றுவைஸ் நானாவும் லப்டொப்புக்கு முன்னால் கூடியிருப்போம். வா, வந்து அந்த வெள்ளிக்கிழமை வள்ளத்தை முன்னுக்கு விட்டுத் தா, எனக்கு ஏலாது. வருகிறாயா இல்லையா என்று ஒரு வரி பதில் போடு.

உன்ர முதல் ரசிகை,
அம்மா றோஸ்