காத்திருந்தவள் மேடு

அன்புள்ள வால்புர்காவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம். ஸ்வாபிய ஊர்களில் வயலுக்கும் மேட்டுக்கும் பெயர் எப்படி வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று ஒரு மேட்டைக் காத்திருந்தவள் மேடு என்றார்கள். பீர்க்கடையில் காரணம் கேட்டேன். குடியானவர் ஆல்பன் சொன்னார்: "வெளியூர் வேலைக்குப் போன புருஷன் வருவான்னு ஒருத்தி தினம் அங்கதான் நிப்பாளாம். அவனும் உம்ம மாதிரி பேர் எழுதத்தான் போனானோ என்னவோ!" கடையே சிரித்தது, நானும் சிரித்தேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. நம் வீட்டு ரொட்டியும் கொஞ்சம், காய்ந்தாலும் பரவாயில்லை. ஈஸ்டருக்கு வர முடியாது. இன்னொரு பள்ளத்தாக்கின் பெயர்களையும் எழுதச் சொல்லி மேலதிகாரிகள் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தபால் வண்டி கிளம்புகிறது. சாயங்காலம் நீ பாலத்தில் போய் நிற்பதாக உன் அண்ணன் எழுதியிருந்தார். வேண்டாம், வால்புர்கா. ஊரார் அந்தப் பாலத்துக்கு உன் பெயரை வைத்துவிடுவார்கள்.

உன்
செவெரின்